தறியை விட்டு இறங்காதவள்

போன மாதம் பர்ஸ் மாற்றினேன். பழையது தையல் விட்டுப்போய், சில்லறையெல்லாம் பேன்ட் பாக்கெட்டில் கொட்ட ஆரம்பித்திருந்தது. உள்ளே இருந்ததைச் சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்துப் பிரித்துக்கொண்டிருந்தபோது, காலாவதியான நூலக அட்டைக்கும் அப்பாவின் பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கும் நடுவில் நாலாக மடித்த ஒரு தாள் கிடைத்தது. மடிப்புகளில் இற்றுப்போயிருந்தது. மனைவிதான் எடுத்துப் பிரித்தாள். "இதை இன்னுமா வச்சிருக்க?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து போய், ஃபிரிட்ஜ் கதவில் கரண்ட் பில்லுக்குப் பக்கத்தில் பிள்ளையார் காந்தத்தை வைத்து அதை ஒட்டிவிட்டாள். கோபத்தில் ஒட்டினாளா, விளையாட்டுக்கு ஒட்டினாளா என்று எனக்கு இதுவரை பிடிபடவில்லை. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. பார்க்காத மாதிரி தாண்டிப் போகிறேன். அப்படித் தாண்டிப் போய்ப் போய்த்தான் கடைசியில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அது சீனக் கோயில் ஒன்றில் குச்சி குலுக்கி வாங்கிய சீட்டு. எண் 2. நான்கு வரிச் செய்யுள், அதன் கீழே விளக்கம். விளக்கத்தைப் பிழிந்தால் ஒரே சொல்தான் வரும்: பொறு.

2013-இல் நான் சிங்கப்பூரில் ஊபி பக்கம் ஒரு சரக்குக் கம்பெனி அலுவலகத்தில் இருந்தேன். அவள் திருச்சியில் இருந்தாள். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள், வேறு வேறு சாதி, என் தங்கைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மீதியை நீங்களே நிரப்பிக்கொள்ளலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் லாரிகள் நிற்கும் இடத்தில் நின்று போனில் பேசுவேன். பேச்சு என்று என்ன, அவள் கேட்பாள், நான் சமாதானம் சொல்வேன். கணக்குப் பிரிவில் இருந்த, ஹொக்கியன் பேசும் சீன ஆன்ட்டி ஒருவர் இதைப் பல நாளாகக் கவனித்திருக்கிறார். ஒரு நாள் டீ போடும்போது, "போன்ல தினமும் அதே முகம் வச்சுக்கிட்டுப் பேசற. வீட்டுல பிரச்சினையா, பொண்ணா?" என்று கேட்டார். பொண்ணு என்றேன். "சனிக்கிழமை வா. குவான் யின் மாகிட்ட கேட்டுடலாம்" என்றார், ஏதோ பக்கத்து வங்கியில் செக் போடப் போவது மாதிரி.

வாட்டர்லூ தெருவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே இரண்டு கோயில்கள் தோளோடு தோள் உரசி நிற்கும். 1870-இல் வந்த ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் ஒன்று, 1884-இல் வந்த குவான் இம் கோயில் இன்னொன்று. குவான் யின் என்ற சீனக் கருணைத் தெய்வத்தைத்தான் ஹொக்கியனில் குவான் இம் என்பார்கள். பூக்காரிகள், தாமரை மொட்டுக் கட்டுகள், குட்டி மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் கைரேகைக்காரர்கள். சீனர்கள் குவான் இம் கோயிலில் கும்பிட்டுவிட்டு அப்படியே நாலடி நடந்து கிருஷ்ணனுக்கும் ஊதுபத்தி காட்டுவார்கள். அவர்களுக்காகவே வாசலில் ஒரு பெரிய பத்திச் சாடி இருக்கிறது. ஆன்ட்டி முதலில் கிருஷ்ணன் வாசலில்தான் நின்றார். மூன்று பத்தியை நெற்றிக்கு உயர்த்திக் கண்ணை மூடி, உதடு அசைய வெகுநேரம் பேசினார். பக்கத்தில் நான் இரண்டு கையையும் சேர்த்து அரை நிமிடம் நின்றேன். எங்கள் சாமியிடம் என்னைவிட அவருக்குத்தான் பேச்சு அதிகம்.

குவான் இம் கோயிலில் நுழைந்ததும் காதில் விழுவது அந்தச் சத்தம். நாற்பது ஐம்பது பேர் முட்டி போட்டு ஒரே நேரத்தில் மூங்கில் குவளையைக் குலுக்குகிறார்கள். அண்டா நிறையப் புளியங்கொட்டையைப் போட்டு ஆட்டுகிற மாதிரி இருக்கும். குவளைக்குள் நூறு குச்சிகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். முதலில் பெயர், வயது, முகவரி சொல்ல வேண்டும். அப்புறம் கேள்வி. "ஒரே கேள்வி. தெளிவாக் கேளு. மனசுக்குள்ள நாலஞ்சு வச்சுக்கிட்டு மாவைக் குழப்பாத" என்றார் ஆன்ட்டி. நான் தமிழில் கேட்கலாமா என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், பக்கத்து வீட்டில் நூறு வருடத்துக்கு மேலாகத் தமிழ்தான் என்பது இருந்தது.

குவளையைச் சாய்த்துக் குலுக்கினால் குச்சிகள் மெல்ல மெல்ல விளிம்புக்கு வரும். ஏதோ ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் முந்தும், எட்டிப் பார்க்கும், பின்வாங்கும், திரும்ப எட்டிப் பார்க்கும். அந்த ஒரு நிமிடத்துக்கு உலகத்தில் வேறு எதுவும் இல்லை. எனக்கு முதலில் இரண்டு குச்சிகள் சேர்ந்து விழுந்தன, அது செல்லாது. மறுபடி குலுக்கினேன். ஒன்று விழுந்தது. அது சாமி கொடுத்ததுதானா என்று உறுதி செய்ய, பிறை மாதிரி வளைந்த இரண்டு சிவப்புக் கட்டைகளைத் தரையில் போட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் குமிழ். ஒன்று தட்டையாகவும் ஒன்று குமிழாகவும் விழுந்தால் ஆமாம். இரண்டும் குமிழ் மேலே விழுந்தால் இல்லை. இரண்டும் தட்டை மேலே விழுந்தால் சாமி சிரிக்கிறது என்று அர்த்தம். கேள்வி சரியில்லை, அல்லது பதில் உனக்கே தெரியும், பிறகு என்னிடம் எதற்கு வந்தாய் என்பது மாதிரி. எனக்கு முதல் தடவையே ஆமாம் விழுந்தது. எண்ணைச் சொல்லிச் சீட்டு வாங்கினோம்.

ஆன்ட்டி மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தார். தரம்: நடுத்தரம். இன்னும் உருமாறாத பெருமீன் ஆற்றோடே இருக்கிறது. மேலே பறக்க நினைக்காதே. ஒரு நாள் உடல் மாறும், அன்றைக்கு ஒரே தாவலில் டிராகன் வாசலைத் தாண்டுவாய். இதுதான் செய்யுள். மஞ்சள் ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு டிராகன் வாசல் என்ற இடத்தைத் தாண்டும் கெண்டை மீன் டிராகனாக மாறிவிடும் என்பது அங்கே பழைய கதை. அரசாங்கப் பரீட்சையில் தேறியவர்களை அப்படித்தான் சொல்வார்களாம். "நல்ல சீட்டு. வெயிட் லா. இப்ப அவசரப்படாத, பின்னாடி பெரிய ஆள் ஆயிடுவ" என்றார் ஆன்ட்டி. நான் கேட்டது கல்யாணத்தைப் பற்றி, வந்த பதில் பரீட்சை மீனைப் பற்றி. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவே இல்லை. எனக்கு வேண்டியதை அது சொல்லிவிட்டது, போதாதா?

ராத்திரி போன்

அன்று ராத்திரி பூன் கெங் வீட்டில், அறைத் தோழர்கள் மூன்று பேரும் படம் பார்த்துக்கொண்டிருக்க, நான் துணி காயப்போடும் ஜன்னல் பக்கம் நின்று அவளைக் கூப்பிட்டேன். உற்சாகமாகத்தான் சொன்னேன். குவளை, குச்சி, கட்டை, மீன், எல்லாம். கடைசியாக, "பொறுமையா இருக்கச் சொல்லி வந்திருக்கு" என்றேன்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அது அடங்கும்வரை அவள் பேசவில்லை.

"யாரை?" என்றாள்.

"என்ன யாரை?"

"யாரைப் பொறுமையா இருக்கச் சொல்லியிருக்கு? உன்னையா, என்னையா?"

"ரெண்டு பேரையும்தான்."

"குச்சியைக் குலுக்குனது நீதானே?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "சரி, அம்மா கூப்பிடுறாங்க" என்று வைத்துவிட்டாள். மறுநாள் வழக்கம்போலப் பேசினோம். அந்தப் பேச்சை அவள் திரும்ப எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஆனால் அது எங்கேயும் போகவும் இல்லை. நகத்தில் ஏறிய சிலாம்பு மாதிரி, வலிக்காது, ஏதாவது தொட்டால்தான் தெரியும்.

எனக்கு இத்தனை வருடம் கழித்து உறைப்பது இதுதான். அன்றைக்கு நான் கேட்ட கேள்வி, "எங்கள் கல்யாணம் நடக்குமா?" எங்கள் என்று சொன்னேனே தவிர, முட்டி போட்டது நான் ஒருவன். பெயர், வயது, பூன் கெங் முகவரி, எல்லாம் என்னுடையவை. மீன் நான். டிராகன் ஆகப்போவதும் நான். பொறு என்ற சொல் எனக்கு வந்தது. அதை அப்படியே மடித்து ஒரு போனில் திருச்சிக்கு அனுப்பிவிட்டேன். பொறுக்கும் வேலையை அவள் செய்தாள்.

எனக்குப் பொறுமை என்றால் என்னவாக இருந்தது? எட்டரைக்கு வேலை, ஓவர்டைம், மாதக் கடைசியில் ஊருக்குப் பணம், ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பிரியாணி. தங்கை கல்யாண நகைக் கடன் ஒரு பக்கம் அடைந்துகொண்டிருந்தது. நாள் தன்னால் நகர்ந்தது. அவளுக்கு அப்படி இல்லை. மாதம் ஒரு ஜாதகம் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டும், போன தடவை சொன்னதையே திரும்பச் சொல்லக் கூடாது. மாப்பிள்ளைக்கு வழுக்கை என்று ஒரு முறை. வெளியூர் என்று ஒரு முறை. வேறு காரணம் கிடைக்காதபோது எம்.ஃபில். சேர்ந்தாள். படிக்கும் ஆசையில் இல்லை, ஒன்றரை வருடம் வாங்குவதற்காக. அந்தக் கட்டணத்தைத் தன் சம்பளத்திலிருந்து கட்டியதை எனக்குச் சொன்னதே 2018-இல்தான். இரண்டு முறை பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார வேண்டியும் வந்தது. அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்து, "கேசரி நல்லா வந்துச்சு" என்று மட்டும் சொன்னாள்.

2014 ஆவணியில் தங்கை கல்யாணம் முடிந்தது. இனி வீட்டில் சொல்லிவிடலாம் என்றாள். கடன் அடையட்டும் என்றேன். கடன் முக்கால்வாசி அடைந்ததும், பாட்டிக்கு உடம்பு சரியில்லை, இந்த நேரத்தில் வேண்டாம் என்றேன். பொய் இல்லை, எல்லாமே உண்மையான காரணங்கள்தான். என் பர்ஸில் ஒரு தாள் இருந்தது என்பதும் உண்மை. பயம் வரும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். சாமியே சொல்லியிருக்கிறது, நான் தாமதிக்கவில்லை, காத்திருக்கிறேன். கோழைத்தனத்துக்கு அவ்வளவு அழகான பெயர் வேறு எங்கே கிடைக்கும்?

2015 கார்த்திகையில் அவள் அப்பா போய்விட்டார். பெல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னை இரண்டு முறை பார்த்திருக்கிறார், 'கூடப் படிச்ச பையன்' என்ற பெயரில். கேட்டிருந்தால் சம்மதித்திருப்பார் என்று அவள் அம்மா பிறகு சொன்னார். 2016-இல் பதிவுத் திருமணம், ஒரு சின்ன வரவேற்பு. என் அம்மா வந்தார், சாப்பிடவில்லை. மறு வருடம் பேத்தி பிறந்ததும் அதுவும் சரியாகிவிட்டது. ஊபி ஆன்ட்டி சிவப்பு உறையில் பணம் வைத்து ஆங்பாவ் கொடுத்து, "பார்த்தியா, மா சொன்னது சரியாப் போச்சு" என்றார். ஆமாம், சீட்டு பலித்தது. மீன் டிராகன் வாசலைத் தாண்டிவிட்டது. எண் 2 பலித்த கதையை நானே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

சூ சின் கதையின் மீதிப் பாதி

இந்தச் சீட்டுகளில் ஒவ்வோர் எண்ணுக்கும் பழங்கதை ஒன்றின் தலைப்பு இருக்கும். குவான் யின் கோயில்களில் பரவலாகப் புழங்கும் நூறு சீட்டு வரிசையில் இரண்டாவது சீட்டின் தலைப்பு, சூ சின் தேறவில்லை என்பது. கல்யாணமான பிறகு, வேலைக்கு உதவும் என்று சமூக மன்றத்தில் மாண்டரின் வகுப்புக்குப் போனேன். மூன்று மாதம்தான் தாக்குப்பிடித்தேன், அது வேறு கதை. அங்கே வாத்தியாரம்மா, படிக்கும்போது தூக்கம் வந்தால் தொடையில் ஊசியால் குத்திக்கொண்ட ஒருவனைப் பற்றிச் சொன்னார். சீனப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லப்படும் கதையாம். ஆள் பெயர் என்ன என்றேன். சூ சின். ஓகோ, நம்ம ஆள்!

சூ சின் கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் பேச்சு வித்தகர். சின் நாட்டு மன்னனிடம் வேலை கேட்டுப் போகிறார். பத்து முறை எழுதிக் கொடுத்தும் நடக்கவில்லை. கையில் இருந்த பொன் தீர்ந்து, கருப்புத் தோல் அங்கி கிழிந்து, முகம் கறுத்து, புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு நடந்தே வருகிறார். அப்பா அம்மா பேசவில்லை. அண்ணி சோறாக்கவில்லை. மனைவி தறியை விட்டு இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஊசி, தொடை, ரத்தம் எல்லாம். பின்னாளில் ஆறு நாடுகள் அவரை அமைச்சராக ஏற்கின்றன. அந்தப் பெருமையோடு ஊர்ப் பக்கம் வரும்போது அப்பா அம்மா வழியைப் பெருக்கி வெகுதூரம் வந்து எதிர்கொள்கிறார்கள். மனைவி நேராகப் பார்க்கத் துணியாமல் ஓரக்கண்ணால் பார்க்கிறாள், காதைச் சாய்த்துக் கேட்கிறாள். அண்ணி பாம்பு மாதிரி தரையில் ஊர்ந்து வந்து விழுகிறாள். முன்னே ஏன் அப்படி, இப்போது ஏன் இப்படி என்று அவர் கேட்க, உங்களுக்கு இப்போது பதவியும் பொன்னும் இருக்கிறதே என்கிறாள் அண்ணி. கதையிலேயே யோக்கியமான வாக்கியம் அதுதான்.

இதை வீட்டில் வந்து சொன்னேன். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தம்மா பேரு என்ன?" என்றாள். யார் என்றேன். தறியில் உட்கார்ந்திருந்தவள். தேடிப் பார்த்தேன். இந்தக் கதை வரும் பழைய சீன நூலில் அவளுக்குப் பெயர் இல்லை. மனைவி, அவ்வளவுதான். "அவ இறங்கலன்னு தப்பாவா எழுதியிருக்கு?" ஆமாம், மதிக்கவில்லை என்ற அர்த்தத்தில்தான் இருக்கிறது என்றேன். "அவர் பொன்னெல்லாம் தீர்த்துட்டு வந்தா, வீட்டுல யாராவது நெய்யணும்ல?"

எனக்கு அதற்குப் பதில் இல்லை. எத்தனையோ பேர் அந்தச் சீட்டை எடுத்திருப்பார்கள், பொறு என்று படித்திருப்பார்கள். பொறுமையின் உருவமாக அதில் நிற்பவர் சூ சின். ஆனால் அவர் எங்கே பொறுத்தார்? அலைந்தார், தோற்றார், குத்திக்கொண்டார், மறுபடி அலைந்தார். அத்தனை காலமும் ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தது தறிக்காரி.

அதன் பிறகு இந்தச் சீட்டுகளைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. பல பதிப்புகளில் சீட்டின் கீழே ஒரு பட்டியல் இருக்கும். வீடு, உடல், பணம், வியாபாரம், திருமணம், பிள்ளைப்பேறு, பயணம் போனவர், வயலும் பட்டுப்புழுவும், கால்நடை, வழக்கு, தொலைந்த பொருள், நோய், கல்லறை. ஒரே குச்சி, ஒரே மீன், எல்லாவற்றுக்கும் அதில் ஆளுக்கொரு சொல். உழவன், வியாபாரி, மாடு தொலைத்தவன் எல்லாரும் வந்து நிற்கும் வரிசையில் காதலித்தவனும் நிற்கிறான். தொலைந்த மாட்டுக்குப் பொறு என்றால் அது ஒருமாதிரி சரிதான். மாடு தானே திரும்பி வரலாம். காத்திருப்பதால் மாட்டுக்கு வயது ஏறுகிறதே என்று வீட்டில் யாரும் அழப்போவதில்லை.

பெண்ணின் காத்திருப்பை நேரடியாகப் பேசும் கதையும் சீனர்களிடம் இருக்கிறது, நாடக மேடையில் பெயர் பெற்றது. வாங் பாவ்சுவான், அமைச்சர் மகள். ஏழை ஒருவனைக் கட்டிக்கொண்டு, அப்பாவோடு உறவை முறித்துக்கொண்டு, அவன் போருக்குப் போன பிறகு ஒரு குகை வீட்டில் காட்டுக் கீரை பறித்துத் தின்று 18 வருடம் காத்திருக்கிறாள். அவன் வேறு நாட்டு இளவரசியைக் கட்டிக்கொண்டு அரசனாகித் திரும்பி வருகிறான். வந்தவன் நேரே வந்து நான்தான் என்று சொல்கிறானா? அந்நியன் மாதிரி பேசி, இவள் ஒழுக்கமாக இருந்தாளா என்று சோதிக்கிறான். பிறகு அரசியாக்குகிறான். 18 நாளில் அவள் இறந்துபோகிறாள் என்று கதையின் ஒரு வடிவம். தலைமுறை தலைமுறையாக இதைக் கற்புக்கு உதாரணமாகப் பார்த்து அழுதிருக்கிறார்கள். இப்போதைய சீன இளசுகள் அழவில்லை. காதலில் புத்தியைத் தொலைத்த சிநேகிதியைப் பார்த்து, போ, போய்க் காட்டுக் கீரை பறி என்று கிண்டலடிக்கிறார்கள். இணையத்தில் அது ஒரு பழமொழி மாதிரியே ஆகிவிட்டது. இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. எம்.ஃபில். கட்டணம் ஞாபகம் வந்ததும் நின்றுவிட்டது.

சீனர்களின் கல்யாணத் தெய்வமான நிலாக் கிழவர் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜோடி சேர வேண்டியவர்களின் கால்களைச் சிவப்புக் கயிற்றால் பிறந்தபோதே கட்டிவிடுபவர். சீனாவின் தாங் வம்சக் காலக் கதை ஒன்றில் வெய் கு என்ற வாலிபன், நிலா வெளிச்சத்தில் புத்தகம் படிக்கும் இந்தக் கிழவரிடம் தன் மனைவி யார் என்று கேட்கிறான். அதோ, காய்கறிக்காரியின் இடுப்பில் இருக்கும் மூன்று வயதுக் குழந்தை என்கிறார். இவனுக்கு ஆத்திரம், ஆள் வைத்துக் குழந்தையைக் கத்தியால் குத்தச் சொல்கிறான். பதினாலு வருடம் கழித்து அழகான பெண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொள்கிறான். அவள் எப்போதும் நெற்றியில் ஓர் ஒட்டு வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டால், கீழே பழைய தழும்பு. விதி வலியது என்பதற்காகச் சொல்லப்படும் கதை. எனக்கு அந்தத் தழும்புதான் கண்ணில் நிற்கிறது. தைப்பேயில் தாதாவ்செங் பகுதிக் கோயிலில் இந்தக் கிழவரிடம் வேண்டிக்கொண்டு கல்யாணம் ஆனவர்கள், கல்யாணப் பலகாரத்தைக் கொண்டுவந்து அடுத்து வருபவர்களுக்காக வைத்துவிட்டுப் போவார்களாம். அது எனக்குப் பிடித்த வழக்கம். காத்துக்கொண்டிருப்பவர்களுக்கு உபதேசத்தைவிட ஒரு பிஸ்கட் மேல்.

சரி, குவான் யின் மேல் பழி போடுகிறேனா? இல்லை. அவர் நமக்கு அந்நியரும் இல்லை. நம் பௌத்தத்தின் கருணை போதிசத்துவரான அவலோகிதர்தான் அங்கே போய்ப் பெண் உருவம் கொண்டார். அகத்தியர் தமிழைக் கேட்டது அவலோகிதனிடம் என்று வீரசோழியம் என்ற பழைய தமிழ் இலக்கண நூல் சொல்கிறது. அந்தக் கணக்கில், நான் தமிழில் கேட்டது சரியான ஆளிடம்தான். சீனத்தில் அந்தப் பெயருக்கு, உலகின் குரல்களைக் கவனிப்பவர் என்று பொருள். கவனித்துத்தான் இருப்பார். அன்றைக்கு அவர் முன்னால் ஒலித்தது ஒரு குரல். இன்னொரு குரல் திருச்சியில் குக்கர் விசிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது. ஒரே கேள்வி, தெளிவாகக் கேள் என்று ஆன்ட்டி படித்துப் படித்துச் சொன்னார். நான் தெளிவாகத்தான் கேட்டேன். வீட்டில் எப்போது சொல்வது, இன்றைக்கா நாளைக்கா என்று கேட்கவில்லை. அதைக் கேட்டு, இன்றைக்கே என்று வந்திருந்தால்?

கட்டைகள்

போன சனிக்கிழமை பிள்ளையை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு, புகிஸ் பக்கம் ஒரு வேலையாகப் போனோம். திடீரென்று அவள், "அந்தக் கோயில் இங்கதானே?" என்றாள். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருடத்தில் கிருஷ்ணன் கோயிலுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறாள், அடுத்த வாசலில் நுழைந்ததே இல்லை. நானும் கூப்பிட்டதில்லை.

உள்ளே அதே புளியங்கொட்டைச் சத்தம். ஆன்ட்டி எனக்குச் சொன்னதையெல்லாம் நான் அவளுக்குச் சொன்னேன். பெயர், வயது, முகவரி, ஒரே கேள்வி. தலையாட்டினாள். துப்பட்டாவை இடுப்பில் சுற்றிச் சொருகிக்கொண்டு, மாவு சலிப்பதற்கு உட்காருவது மாதிரி உட்கார்ந்தாள். அவளுக்குக் கை நிதானம். குவளையை நான் ஆட்டின மாதிரி படபடவென்று ஆட்டவில்லை, ஒரே சீராக ஆட்டினாள். ஒரு குச்சி மட்டும் மெதுவாக வெளியே வந்து, ரொம்ப நேரம் விளிம்பில் நின்று, விழுந்தது. எண்ணை எனக்குக் காட்டவில்லை, கையால் மறைத்துக்கொண்டாள்.

கட்டைகளைப் போட்டாள். இரண்டும் தட்டை மேலே.

"இது என்ன?"

"சாமி சிரிக்குது. கேள்வி சரியில்லைன்னு அர்த்தம். இல்லன்னா உனக்கே பதில் தெரியும்னு."

திரும்பப் போட்டாள். மறுபடியும் இரண்டும் தட்டை. பக்கத்தில் குலுக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி எட்டிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். இவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முட்டி போட்டபடியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மூணாவது தடவையும் போடலாம்" என்றேன்.

"வேணாம்" என்று குச்சியைக் குவளையில் போட்டு, மற்ற குச்சிகளோடு ஒரு தட்டுத் தட்டிச் சமமாக்கினாள்.

"என்ன கேட்ட?"

"பசிக்குது, வா. நீச்சல் முடிஞ்சு அவ நின்னுட்டிருப்பா."